ஓடும்போது அளந்த தடை

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். பள்ளியில் ஒரே வகுப்பில் முடிந்துவிடும் பாடம் இது. பழுதுபார்க்கும் மேசையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். வேலை பழக வரும் இளைஞர்களையும் பார்க்கிறேன். வகுக்கத் தெரியாமல் தடுமாறியவர் என்று ஒருவரையும் சொல்ல முடியாது. வோல்ட்டை ஓரிடத்தில் அளந்திருப்பார்கள், ஆம்பியரை வேறொரு நேரத்தில் அளந்திருப்பார்கள் அல்லது பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் பார்த்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்து வகுத்தால் ஏதோ ஓர் எண் கிடைக்கும். அந்த எண் எந்தப் பொருளுக்கும் சொந்தமில்லாத எண்ணாக இருக்கும்.

புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது பழைய மின்னிழை பல்பு ஒன்று. 230 வோல்ட், 100 வாட் என்று அதன் மேல் எழுதியிருக்கும். மல்டிமீட்டரை ஓம் வரம்பில் வைத்து அதை அளக்கச் சொல்வேன். 38 ஓம் என்று வரும். இப்போது வாட் எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்வேன். 230 வோல்ட்டை 38 ஓமால் வகுத்தால் சுமார் 6 ஆம்பியர். 230 பெருக்கல் 6 என்றால் கிட்டத்தட்ட 1,400 வாட். போட்டவர் தாளையும் பல்பையும் மாறி மாறிப் பார்ப்பார்.

“மீட்டர் கெட்டுப்போயிருக்கிறதா, சார்?”

“மீட்டரில் குறையில்லை. நீ அளந்தது குளிர்ந்த பல்பை.”

எரியும் பல்பின் தடையைக் கண்டுபிடிக்க, எரியும்போதே அதன் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 0.435 ஆம்பியர் இழுக்கும். வகுத்தால் 529 ஓம், பெருக்கினால் 100 வாட். டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும்போது அதன் தடை குளிர்ந்த நிலையில் இருந்ததைப் போல் பதின்மடங்குக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. 38 ஓமும் உண்மை, 529 ஓமும் உண்மை. அந்த 1,400 வாட் கூட முழுப் பொய் இல்லை: சுவிட்சைப் போட்ட கணத்தில், இழை சூடேறுவதற்கு முந்தைய சில மில்லிநொடிகளில், அந்த அளவுக்கு மின்னோட்டம் பாயத்தான் செய்கிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதே ‘பட்’டென்று போய்விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே பல்புக்குப் பாதி மின்னழுத்தம், அதாவது 115 வோல்ட், கொடுத்தால் என்ன ஆகும் என்று அடுத்து கேட்பேன். மின்னோட்டமும் பாதியாகும், திறன் கால் பங்காகி 25 வாட் வரும் என்று சூத்திரத்தை நம்பிச் சொல்வார்கள். அளந்தால் சுமார் 0.3 ஆம்பியர் ஓடும். திறன் 34 வாட் பக்கம் இருக்கும். இழை முன்புபோல் சூடேறாததால் அதன் தடை 529 ஓமிலிருந்து 400 ஓமுக்குக் கீழே இறங்கிவிட்டது. இந்த ஒரு பல்பை வைத்துக்கொண்டே ஒரு பிற்பகல் முழுவதையும் ஓட்டலாம். ஓம் விதியை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள் அதற்குப் பிறகு கொஞ்சம் அடக்கமாகப் பேசுவார்கள்.

கணக்கைப் பற்றி ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்ன மின்னணுச் சுற்றுகளில் மின்னோட்டம் மில்லிஆம்பியரில்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதை ஆயிரத்தால் வகுத்து ஆம்பியருக்கு மாற்றுவதில்தான் புள்ளி இடம் மாறிப்போகிறது. மாற்றவே வேண்டாம். வோல்ட்டை மில்லிஆம்பியரால் வகுத்தால் விடை நேராகக் கிலோஓமில் வரும். வோல்ட்டை மில்லிஆம்பியரால் பெருக்கினால் மில்லிவாட்டில் வரும். 12 வோல்ட், 25 மில்லிஆம்பியர் என்றால் 0.48 கிலோஓம், 300 மில்லிவாட். முடிந்தது.

திறனைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு: மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம், மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் தடை, மின்னழுத்தத்தின் வர்க்கம் வகுத்தல் தடை. தாளில் மூன்றும் ஒன்றுதான். மேசையில் ஒன்றல்ல. வர்க்கம் எடுக்கும்போது அளவீட்டுப் பிழையும் இரட்டிப்பாகிறது. ஆம்பியரில் 2 சதவீதம் பிசகியிருந்தால் வர்க்கத்தில் 4 சதவீதம் பிசகும். தடைக்கு அச்சிட்ட மதிப்பை எடுத்துக்கொண்டால் அதன் பிசகும் மேலே ஏறிக்கொள்ளும். வோல்ட், ஆம்பியர் இரண்டையும் அளக்க முடிகிற இடத்தில் நான் நேரடியாகப் பெருக்கிவிடுகிறேன். வோல்ட்டில் 1 சதவீதமும் ஆம்பியரில் 2 சதவீதமும் பிசகக்கூடிய மீட்டர்களை வைத்துக்கொண்டு 529.31 ஓம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்தக் கடைசி இரண்டு இலக்கங்கள் கால்குலேட்டர் தந்தவை. பல்புக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

‘எப்போது அளந்தாய்’ என்பதற்கு அடுத்தது ‘எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளந்தாய்’ என்ற கேள்வி. தொடர் இணைப்பில் மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒன்றே. மின்னழுத்தம் அப்படியல்ல, அது எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்டது. ஆகவே வோல்ட்மீட்டரின் முனைகளை எந்தப் பகுதியின் இரு பக்கமும் வைக்கிறோமோ, அந்தப் பகுதியின் தடையும் திறனும்தான் கணக்கில் வரும். இது குறைபாடு அல்ல, வசதி. ஒரு சுற்றைப் பிரிக்காமலேயே துண்டு துண்டாக விசாரிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

கைப்பேசி சார்ஜர் கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கைப்பேசி மெதுவாகச் சார்ஜ் ஆகிறது’ என்று வருகிறவர்கள் சார்ஜரைத்தான் சந்தேகிப்பார்கள். 2 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது சார்ஜரின் வாயில் 5.1 வோல்ட், கேபிளின் மறுமுனையில் 4.6 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் காணாமல் போனது 0.5 வோல்ட். அதை 2 ஆம்பியரால் வகுத்தால் 0.25 ஓம். போகும் கம்பி, திரும்பி வரும் கம்பி, இரு முனைகளின் இணைப்பிகள் எல்லாம் சேர்ந்த தடை அது. 0.5 பெருக்கல் 2, 1 வாட் வெறுமனே கேபிளைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. கைப்பேசிக்குப் போய்ச் சேருவது 9.2 வாட். இதே கேபிளில் 3 ஆம்பியர் ஓட்டினால் வீணாவது ஒன்றரை மடங்காகாது, 2.25 வாட் ஆகிவிடும். கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1841-இல் வெளியிட்டது இங்கே கைக்குத் தெரியும்படி நிற்கிறது.

இந்தக் கேபிளை மல்டிமீட்டரின் ஓம் வரம்பில் அளந்து பார்த்திருந்தால் ஒன்றும் தெளிவாகத் தெரிந்திருக்காது. மீட்டரின் சிவப்பு, கறுப்புக் கம்பிகளுக்கே 0.2 ஓம் முதல் 0.5 ஓம் வரை தடை இருக்கும். அளக்கவேண்டிய பொருளைவிட அளக்கும் கம்பி பெரிதாகிவிடுகிறது. அதையே மின்னோட்டம் ஓடவிட்டு, வோல்ட் வித்தியாசத்தை அளந்து, வகுத்தெடுத்தால் மீட்டர் கம்பிகளின் தடை கணக்கிலேயே வராது. காரணம், வோல்ட்மீட்டர் கம்பிகளில் ஓடுவது மிக மிகச் சிறிய மின்னோட்டம். அங்கே இழப்பு ஏதும் ஏற்படாது. மின்னோட்டத்துக்கு இரண்டு கம்பி, மின்னழுத்தத்துக்குத் தனியாக இரண்டு கம்பி என்று ஆய்வகங்களில் நான்கு முனைகளில் அளப்பது இதே உபாயம்தான்.

சூடாகும் திருகு முனைகளில் இந்த முறை எவ்வளவு உதவும் என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். என்னிடம் கருகி வந்த பெட்டிகளில், பிளக்குகளில், பெரும்பாலானவற்றில் கம்பிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. திருகின் அடியில் இருந்த இணைப்புதான் கருகியிருக்கும்.

2,000 வாட் ஹீட்டர் ஒன்று 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கிறது. இறுக்கமான ஓர் இணைப்பில் இந்த மின்னோட்டத்துக்கு 0.02 வோல்ட் இழக்கலாம். அங்கே எழும் வெப்பம் 0.17 வாட், கை வைத்தாலும் தெரியாது. திருகு தளர்ந்து, செம்பின் மேல் ஆக்சைடு படிந்த இணைப்பில் 1.4 வோல்ட் இழக்கிறது என்று வையுங்கள். 1.4 வகுத்தல் 8.7, தடை 0.16 ஓம். இவ்வளவு சின்ன எண்ணை யார் பொருட்படுத்துவார்கள்? ஆனால் 1.4 பெருக்கல் 8.7, சுமார் 12 வாட். சின்னப் பற்றவைக்கும் கோல் ஒன்றின் திறனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நகக்கண் அளவுள்ள இடத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவே, காற்றோட்டம் இல்லாமல் 12 வாட். சூட்டில் ஆக்சைடு இன்னும் படியும், தடை ஏறும், வெப்பம் கூடும்.

ஹீட்டரிலோ ஒரு மாற்றமும் தெரியாது. அதன் தடை 26.45 ஓம், கூடவே 0.16 ஓம் சேர்ந்தால் மின்னோட்டம் ஒரு சதவீதம்கூடக் குறையாது. பியூஸும் போகாது, ஏனென்றால் மின்னோட்டம் அதிகரிக்கவே இல்லை. தொடர்ச்சியைச் சோதிக்கும் ‘பீப்’ ஒலியும் காப்பாற்றாது. பல மீட்டர்கள் சில பத்து ஓம் வரை எதற்கும் பீப் என்று கத்திவிடும். அந்த ஒலிக்கு 0.01 ஓமும் 0.16 ஓமும் ஒன்றுதான்.

மின்சாரம் இருக்கும்போது அந்தத் திருகுகளின் மேல் மீட்டர் முனைகளை வைத்து அளக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் செய்வது வேறு. கருவியை மின்விநியோகத்திலிருந்து முழுவதும் பிரித்துவிட்டு, மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கக்கூடிய குறைந்த மின்னழுத்த நேர்மின்னோட்ட (DC) வழங்கி ஒன்றிலிருந்து சந்தேகப்படும் இணைப்பின் வழியே மட்டும் 5 ஆம்பியர் செலுத்துகிறேன். மீட்டரை மில்லிவோல்ட் வரம்பில் வைத்து, ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை உலோகப் பட்டையிலும் வைக்கிறேன். நல்ல இணைப்பு என்றால் 10 மில்லிவோல்ட் பக்கம் நிற்கும். மேலே சொன்ன நோயாளி 800 மில்லிவோல்ட் காட்டும். ஆபத்தில்லாத மின்னழுத்தம், உண்மையான மின்னோட்டம், ஐயத்துக்கு இடமில்லாத வித்தியாசம்.

பேட்டரிக்கும் இதே கழித்தல்தான். வோல்ட்மீட்டரை மட்டும் வைத்துப் பார்த்து ‘பேட்டரி நன்றாக இருக்கிறது, 12.7 வோல்ட் காட்டுகிறது’ என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரே பதில்: சுமை ஏற்றிப் பாருங்கள். 7 ஆம்பியர்-மணி கொண்ட, மூடி முத்திரையிட்ட ஈயஅமில பேட்டரி. சுமையில்லாமல் 12.7 வோல்ட். 5 ஆம்பியர் இழுக்கும் சுமையை இணைத்ததும் 12.1 வோல்ட். வித்தியாசம் 0.6, ஐந்தால் வகுத்தால் உள்தடை 0.12 ஓம். புதிதாக இருக்கும்போது இந்த அளவுள்ள பேட்டரியில் அது பெரும்பாலும் 0.02, 0.03 ஓம் என்ற அளவில் இருக்கும். 5 ஆம்பியரில் உள்ளுக்குள்ளேயே 3 வாட் எரிகிறது, அதை விட்டுவிடலாம். 30 ஆம்பியர் கேட்கும் சுமையை மாட்டினால் 3.6 வோல்ட் உள்ளேயே கரைந்து, வெளியே 9 வோல்ட்டுதான் வரும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சுமை ஏற்றியதும் மின்னழுத்தம் சட்டென்று ஓரளவு விழும், பிறகு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். முதல் வீழ்ச்சி உலோகம், கரைசல் ஆகியவற்றின் தடையால் வருவது. பின்னால் வருவது உள்ளே நடக்கும் வேதிமாற்றத்தின் தாமதம். ஒரு பேட்டரியை இரண்டு நொடியிலும் இன்னொன்றை இரண்டு நிமிடத்திலும் அளந்து ஒப்பிட்டால் நியாயமாகாது. சுமை ஏற்றிய பின் இத்தனை நொடி என்று ஒன்றை முடிவுசெய்து, எல்லாப் பேட்டரிக்கும் அதையே கடைப்பிடிக்க வேண்டும்.

கியார்க் சைமன் ஓமுக்கே இந்தத் தலைவலி இருந்தது. அவர் தொடக்கத்தில் பயன்படுத்திய ஈர மின்கலங்களின் மின்னழுத்தம் சோதனை நடக்கும்போதே மாறிக்கொண்டிருந்தது. பிறகு இயற்பியலாளர் போகன்டார்ஃப் சொன்ன யோசனையின்பேரில், பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மறு சந்தியைப் பனிக்கட்டியிலும் வைத்துக் கிடைக்கும் வெப்ப மின்னழுத்தத்தை எடுத்துக்கொண்டார். நீர் கொதிக்கும் வெப்பநிலையும் பனி உருகும் வெப்பநிலையும் மாறாதவை என்பதால் மின்னழுத்தமும் நிலையாக நின்றது. அதன் பிறகுதான் 1826-இல் அவருடைய அளவீடுகள் ஒழுங்குக்கு வந்தன. மறு ஆண்டு அவர் தம் கோட்பாட்டை விரிவாக வெளியிட்டார். 1826-இல் அவர் எழுதிய சமன்பாட்டிலேயே சோதிக்கும் கம்பியின் தடை தனியாகவும், சுற்றின் மற்ற பகுதிகளின் தடை தனியாகவும் இருக்கின்றன. நாம் பள்ளியில் படிக்கும் வடிவம் இதில் பாதியை விழுங்கிவிட்டது.

சுற்றின் மற்ற பகுதிகளில் நம் மீட்டரும் சேர்த்தி. இதைப் பலர் நினைப்பதே இல்லை. அம்மீட்டரைத் தொடரில் இணைக்கிறோம். அதற்கும் தடை உண்டு. 10 ஆம்பியர் வரம்பில் அது மிகக் குறைவு, மில்லிஆம்பியர் வரம்பில் சில ஓம், மைக்ரோஆம்பியர் வரம்பில் 100 ஓமையும் தாண்டலாம். 3 வோல்ட்டில் ஓடும் சின்னக் கருவி ஒன்று 100 மில்லிஆம்பியர் எடுக்கிறது, மீட்டரின் தடை 2 ஓம் என்றால் 0.2 வோல்ட் மீட்டரிலேயே போய்விடும். கருவிக்குக் கிடைப்பது 2.8 வோல்ட். பேட்டரியில் அளந்த 3 வோல்ட்டைக் கணக்கில் போட்டால் விடை பிசகும். மேசையில் ‘மீட்டரை வைத்தால் கருவி நின்றுபோகிறது, எடுத்தால் ஓடுகிறது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது மீட்டர் எந்த வரம்பில் இருக்கிறது என்பதைத்தான். வரம்பை ஒரு படி மேலே வைத்தாலே சரியாகிவிடும். இலக்கங்கள் ஒன்று குறையும், பரவாயில்லை.

வோல்ட்மீட்டரை எங்கே வைப்பது என்பதும் தடையின் அளவைப் பொறுத்தது. 4.7 ஓம் ரெசிஸ்டர், தொடரில் 0.1 ஓம் தடையுள்ள அம்மீட்டர், ஓடுவது 0.5 ஆம்பியர். வோல்ட்மீட்டர் இரண்டையும் சேர்த்துத் தழுவினால் 2.4 வோல்ட் காட்டும், விடை 4.8 ஓம் என்று 2 சதவீதம் கூடிப்போகும். ரெசிஸ்டரின் கால்களிலேயே வைத்தால் 4.7 சரியாக வரும். இது சின்னத் தடைகளுக்கு. 2.2 மெகாஓம் ரெசிஸ்டரில் அப்படியே வைத்தால் கதை தலைகீழ்: பெரும்பாலான டிஜிட்டல் வோல்ட்மீட்டர்களின் உள்தடை 10 மெகாஓம். பக்க இணைப்பில் அதுவும் மின்னோட்டத்தில் பங்கு கேட்கும், விடை 1.8 மெகாஓம் என்று வந்து நிற்கும், 18 சதவீதம் குறைவாக. அங்கே வோல்ட்மீட்டர் அம்மீட்டரையும் சேர்த்துத் தழுவுவதே நல்லது. இரண்டு மெகாஓமுக்கு முன்னால் அம்மீட்டரின் சில ஓம் எம்மாத்திரம்?

எல்இடியில் ஓம் விதியைப் போட்டுப் பார்ப்பவர்களுக்காக ஒன்று. 20 மில்லிஆம்பியரில் அதன் இரு கால்களுக்கு நடுவே 3 வோல்ட் இருந்தால் 3 வகுத்தல் 20, 150 ஓம் என்று எண் வரும். வரட்டும். அதை வைத்து 3.3 வோல்ட்டில் 22 மில்லிஆம்பியர்தான் ஓடும் என்று கணித்தால் எல்இடி உங்களை மதிக்காது. மின்னழுத்தம் சற்றுக் கூடினாலே மின்னோட்டம் எகிறும் பொருள் அது, 3.3 வோல்ட்டில் இரட்டிப்பையும் தாண்டிவிடலாம். ஆனால் 3 பெருக்கல் 20, 60 மில்லிவாட் என்ற திறன் கணக்கு இங்கேயும் சரிதான். அந்தக் கணத்து வோல்ட்டும் ஆம்பியரும் எந்தப் பொருளானாலும் அந்தக் கணத்துத் திறனைத் தரும். வகுத்து வந்த ஓமை வேறொரு நிலைமைக்குச் சுமந்துகொண்டு போவதுதான் எல்லாப் பொருளுக்கும் செல்லாது.

எல்இடிக்கு முன்னால் போடும் ரெசிஸ்டரைக் கணக்கிடும்போது ஓமோடு நிறுத்திவிடுகிறார்கள், வாட்டைப் பார்ப்பதில்லை. 12 வோல்ட் வழங்கி, எல்இடிக்கு 3, மிச்சம் 9 வோல்ட் ரெசிஸ்டரில். 20 மில்லிஆம்பியருக்கு 450 ஓம். கிடைக்கும் மதிப்பு 470 ஓம். ஓடுவது 19 மில்லிஆம்பியர், ரெசிஸ்டரில் எழும் வெப்பம் 0.17 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும். இதையே ஒரு வாகனத்தில் மாட்டினால்? இன்ஜின் ஓடும்போது ‘12 வோல்ட்’ என்று சொல்லப்படும் இடத்தில் 14.4 வோல்ட் இருக்கும். இப்போது ரெசிஸ்டரின் பங்கு 11.4 வோல்ட், 24 மில்லிஆம்பியர், 0.28 வாட். கால் வாட்டைத் தாண்டிவிட்டது. அரை வாட் போடுவதில் எந்தச் சிரமமும் இல்லை. நான் பொதுவாகக் கணக்கில் வரும் வாட்டைப்போல் இரண்டு மடங்கு தாங்கும் ரெசிஸ்டரையே போடுகிறேன். மூடிய பெட்டிக்குள் என்றால் இன்னும் கூட்டியே போடுவேன்.

சீட்டில் உள்ள வாட், அதே சீட்டில் உள்ள வோல்ட்டுக்கு மட்டும் பொருந்தும். அந்த 2,000 வாட் ஹீட்டருக்கு 10 சதவீதம் குறைந்து 207 வோல்ட் வந்தால் 7.8 ஆம்பியர்தான் ஓடும். திறன் 1,620 வாட். வோல்ட்டில் பத்து சதவீதம் போனால் வாட்டில் பத்தொன்பது சதவீதம் போகிறது. நீர் சூடேறக் கால் மடங்கு அதிக நேரமாகிறது என்று புகார் வந்தால் ஹீட்டரைக் கழற்றுவதற்கு முன் வோல்ட்டைப் பாருங்கள். நைக்ரோம் இழையின் தடை சூட்டில் அவ்வளவாக மாறாது என்பதால் இந்தக் கணக்கு ஹீட்டருக்குப் பெரும்பாலும் சரியாக வரும். கணினியின் மின்வழங்கி நேர்மாறு: தனக்கு வேண்டிய வாட்டை எப்படியும் எடுத்துக்கொள்ளும், மின்னழுத்தம் குறைந்தால் அதிக மின்னோட்டம் இழுக்கும். அதன் தடை எத்தனை ஓம் என்று கேட்பதில் பயனில்லை.

மோட்டார் இன்னும் சுவையானது. 12 வோல்ட் நேர்மின்னோட்ட மோட்டார் ஒன்றின் சுருளை ஓம் வரம்பில் அளந்தால் 2 ஓம். ஓடவிட்டு அளந்தால் 12 வோல்ட், 0.5 ஆம்பியர், வகுத்தால் 24 ஓம். இருபத்திரண்டு ஓம் எங்கிருந்து முளைத்தது? எங்கிருந்தும் இல்லை. சுழலும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டராகி 11 வோல்ட்டை எதிர்த்திசையில் உண்டாக்குகிறது. சுருளின் 2 ஓமுக்குக் கிடைப்பது மிச்சமிருக்கும் 1 வோல்ட்தான். மொத்தம் 6 வாட். அதில் சுருளைச் சூடாக்குவது அரை வாட், மிச்சம் ஐந்தரை வாட் சுழற்சிக்குப் போகிறது. அச்சு சிக்கிக்கொண்டு மோட்டார் நின்றுவிட்டால் அந்த 11 வோல்ட் மறைந்துபோகும். 12 வகுத்தல் 2, 6 ஆம்பியர், 72 வாட், முழுவதும் சுருளில் வெப்பமாக. எரிந்துபோன மோட்டாரைச் சுற்றிக் கொடுக்கும் முன் எது அதைச் சிக்கவைத்தது என்று தேடாவிட்டால், அது திரும்பி வரும். பியூஸையும் இரண்டு எண்களுக்கும் நடுவே பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஓடும்போதும் கிளம்பும்போதும் தாங்க வேண்டும், நின்றுபோனால் உருக வேண்டும்.

அளப்பதற்கு முன் சில எச்சரிக்கைகள். அம்மீட்டரைப் பக்க இணைப்பில் வைத்தால் அது குறுக்குச்சுற்று. மின்னோட்டம் அளந்து முடித்ததும் சிவப்புக் கம்பியை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரைக் கீழே வைக்க வேண்டும் என்பதை என் மேசையில் சட்டமாகவே வைத்திருக்கிறேன். மின்சாரம் இருக்கும் சுற்றில் ஓம் வரம்பு கூடாது. மின்விநியோகத்தில் ஆம்பியர் வேண்டுமானால், கம்பியை வெட்டாமல் தாடையால் சூழ்ந்து அதன் காந்தப்புலத்தைக் கொண்டு அளக்கும் கிளாம்ப் மீட்டரே நல்லது. ஆனால் அதன் தாடைக்குள் ஒரே ஒரு கம்பி மட்டும் போக வேண்டும். போவதும் வருவதும் சேர்ந்து போனால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யம் காட்டும். மின்னோட்டம் சிறிதாக இருந்தால், மின்சாரத்தைப் பிரித்த நிலையில் அந்த ஒரு கம்பியைத் தாடையைச் சுற்றிப் பத்துச் சுற்று சுற்றிக்கொண்டு, பிறகு வரும் எண்ணைப் பத்தால் வகுக்கலாம்.

மாறுமின்னோட்டத்தில் மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், எல்இடி விளக்கு போன்றவற்றுக்கு வந்துவிட்டால் வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து பெருக்கினாலும் வாட் வராது. ‘ஒரே கணத்தில்’ என்ற நிபந்தனை அங்கே நொடிக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது: மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் மின்னோட்டம் உச்சத்தில் இருப்பதில்லை, அல்லது மின்னோட்டத்தின் அலைவடிவமே வேறாக இருக்கிறது. மீட்டர் காட்டுவதோ இரண்டின் பயனுறு மதிப்புகளை (RMS, அதாவது அதே வெப்பத்தைத் தரும் நேர்மின்னோட்ட அளவுகளை) மட்டும். 230 வோல்ட், 0.5 ஆம்பியர் எடுக்கும் மோட்டாருக்கு 115 என்று வருவது வோல்ட்-ஆம்பியர். வாட்மீட்டர் 80 வாட் காட்டலாம். 80 வகுத்தல் 115, திறன் காரணி 0.7. எல்இடி விளக்கு போன்ற கூரான அலைவடிவம் கொண்ட சுமைகளில், உண்மையான பயனுறு மதிப்பை அளக்காத மீட்டர் ஆம்பியரையே குறைத்துக் காட்டும். இதற்கெல்லாம் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கணத்துக்குக் கணம் பெருக்கிச் சராசரி எடுக்கும் வாட்மீட்டர்தான் வேண்டும். பிளக்கில் மாட்டும் சின்ன வாட்மீட்டர் ஒன்றை வாங்கினால், முதலில் ஒரு வெறும் ஹீட்டரை அதில் மாட்டிப் பாருங்கள். ஹீட்டரில் திறன் காரணி ஒன்று. நீங்கள் தனியாக அளந்த வோல்ட்டும் ஆம்பியரும் பெருக்கி வரும் எண்ணும் வாட்மீட்டர் காட்டும் எண்ணும் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போன பிறகு மோட்டாரை மாட்டலாம்.